‘கிழி’ எங்க இருக்குன்னு கேட்டவன்

பஸ்ல இந்தப் பக்கம் வெயில் அடிக்கும் பாப்பா. நீ இப்படி வழியோரம் தள்ளி உக்காரு, ஜன்னலோரம் நான் உக்காந்துக்கிறேன். எனக்கு வெயில் ஒண்ணும் செய்யாது. உள்ளுக்குள்ள எரியிற எரிச்சலுக்கு இந்த வெயிலெல்லாம் எந்த மூலைக்கு.

மடியில வச்சிருக்கியே, அந்த லேப்டாப்பு விண்டோஸா லினக்ஸா? ஏன் அப்படிப் பாக்குற. தோள்ல துணிப்பையும் கையில தூக்குச்சட்டியுமா ஏறினவ லினக்ஸ் கேக்கக் கூடாதா? சிவகாசியில தினசரி காலண்டர் அடிக்கிற பிரஸ்ல கம்ப்யூட்டர் செக்‌ஷன் பூராவும் என் கையிலதான் இருந்துச்சு. சொர்ணம்னு சொன்னா பைபாஸ் வரைக்கும் தெரியும். இருந்துச்சுன்னுதான் சொல்லணும். இப்ப இல்ல. இப்ப நான் தகர செக்‌ஷன். காலண்டர் தாளை அடுக்கி மேல ஒரு தகரம் வச்சு அடிப்பாங்கல்ல, அங்கன. டக்கு டக்கு டக்குன்னு நாள் பூரா சத்தம். ராத்திரி படுத்தாலும் காதுக்குள்ள அடிக்கும்.

திருமங்கலம் வரைக்கும் வர்றேன். நீ மதுரையா? நல்லது. அப்ப சாவகாசமா சொல்லலாம். கேட்டா உனக்கே ரத்தம் கொதிக்கும்.

குணசீலன்னு ஒருத்தன். பேரைப் பாரு, குணசீலன். வச்ச அப்பன் ஆத்தாவைச் சொல்லணும்.

முதல்ல என் புரோகிராமைப் பத்திச் சொல்லிடுறேன், அப்பத்தான் அவன் செஞ்சது புரியும். தினசரி காலண்டர்ல ஒவ்வொரு தாள்லயும் என்னென்ன இருக்கும்? இங்கிலீஷ் தேதி, தமிழ்த் தேதி, கிழமை, நட்சத்திரம், ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம், கீழ ஒரு பொன்மொழி. முன்னாடியெல்லாம் ஒவ்வொரு தாளா உக்காந்து அடிப்போம். ஒரு வருஷத்துக்கு அடிச்சு முடிக்குறதுக்குள்ள கண்ணு பூத்துப் போகும். எங்க முதலாளி ராஜரத்தினம் அண்ணாச்சி, சல்லிசா இருக்குன்னு யாரோ சொல்லக் கேட்டு, எல்லா மிஷின்லயும் லினக்ஸ் போட்டுட்டாரு. போட்டுக் குடுக்க வந்த சார்கிட்ட உக்காந்து உக்காந்து கேட்டு, நான் ஒரு புரோகிராம் எழுதினேன். பஞ்சாங்கக்கார ஐயர் குடுக்கிறதை உள்ள ஊட்டிட்டு, பேரை அடிச்சு என்டரைத் தட்டினா வருஷம் பூராவும் தாள் தாளா வந்து விழும். அதுக்கு ‘கிழி’ன்னு பேரு வச்சேன். தினம் கிழிக்கிறதுதானே. ஒவ்வொரு புரூஃப் தாள்லயும் வலது மூலையில பொடி எழுத்துல ‘சொ’ன்னு விழும். என் முத்திரை. அச்சுக்குப் போகும்போது அது வெட்டுல போயிரும், ஆனா எங்க செக்‌ஷன்ல அத்தனை பேருக்கும் தெரியும், இது சொர்ணம் பெத்த பிள்ளைன்னு.

இப்படி ஓடிக்கிட்டிருந்தப்ப ஒரு வருஷம் ஒரு கூத்து நடந்துச்சு. அந்த வருஷம் ஆனி மாசம் பூராவும் தமிழ்த் தேதி ஒரு நாள் முன்னால விழுந்திருச்சு. இங்கிலீஷ் தேதி சரியா இருக்கு, கிழமை சரியா இருக்கு, தமிழ்த் தேதி மட்டும் தப்பு. ஆடி பிறந்ததும் தானா சரியாயிருச்சு. யாரு கண்டுபிடிச்சா தெரியுமா, அருப்புக்கோட்டையில ஒரு கல்யாண வீடு. பொண்ணு வீட்டுக்காரங்க எங்க காலண்டரைப் பாத்துப் பத்திரிகை அடிச்சிருக்காங்க, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வேற காலண்டரைப் பாத்து அடிச்சிருக்காங்க. ஒரே கல்யாணம், ஒரே வெள்ளிக்கிழமை, ரெண்டு பத்திரிகையில ரெண்டு தமிழ்த் தேதி. உங்க வீட்டுல தேதி கூடவா பாக்கத் தெரியாதுன்னு சம்பந்தி வீட்டுல கேட்டுட்டாங்க. அப்புறம் என்ன, பொண்ணோட அப்பா ரெண்டு பத்திரிகையையும் கையில பிடிச்சுக்கிட்டு எங்க பிரஸ் வாசல்ல வந்து நின்னாரு. அண்ணாச்சி அவரைக் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போயி, அப்புறம் அந்தக் கல்யாணத்துக்கே நேர்ல போயி மன்னிப்புக் கேட்டுட்டு வந்தாரு.

அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டுக் கேட்டாரு. நான் நெஞ்சு நிமித்திச் சொன்னேன், ஐயர் குடுத்தது தப்பு அண்ணாச்சின்னு. வேற என்ன தப்பா இருக்க முடியும்? வைகாசிக்கு முப்பத்தொரு நாள், ஆனிக்கு முப்பத்திரண்டு. அதை நான் கிழிக்குள்ள கல்லுல வெட்டின மாதிரி எழுதி வச்சிருக்கேன். அது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஐயரு, நான் குடுத்தது சரியாத்தான்மா இருந்துச்சுன்னு என்னமோ சொல்ல வந்தாரு. யாரு கேட்டா. அந்த வருஷத்தோட அவரை நிப்பாட்டிட்டாங்க. ஆனா பாரு, மறு வருஷமே அண்ணாச்சி காரை அனுப்பி அதே ஐயரைக் கூட்டிட்டு வந்து வேட்டி துண்டு எடுத்துக் குடுத்தாரு. ஏன்னே தெரியல. வயசானவரு, பாவம்னு நெனச்சிருப்பாரு. அண்ணாச்சிக்கு அந்த மாதிரி இரக்க குணம் உண்டு, என்கிட்ட மட்டும்தான் கிடையாது.

அந்த மறு வருஷம்தான் இந்தக் குணசீலன் வந்தான். ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கிட்டு, நடந்தா சத்தமே வராது. பெங்களூர்ல வேலை பாத்துட்டு, அம்மாவுக்கு முடியலைன்னு ஊருக்கு வந்தவன். முத நாள், முத வார்த்தை, என்ன கேட்டான் தெரியுமா? “அக்கா, இந்தக் கிழி எங்க இன்ஸ்டால் ஆகியிருக்கு?”

நீயே சொல்லு. புதுசா ஒரு வீட்டுக்கு விருந்தாளியா போற. போன உடனே அடுப்படிக்குள்ள போயி, உங்க வீட்டுல நெய் எங்க வச்சிருக்கீங்கன்னு கேப்பியா? கேக்க மாட்டேல்ல. இவன் கேட்டான். எனக்கு வந்த கோவத்துக்கு, “தேடிக்கோ தம்பி, படிச்சவன்தானே”ன்னு சொல்லிட்டேன். அவன் தலையை ஆட்டிட்டு, ‘விச் கிழி’ன்னு அடிச்சான். வந்திருச்சு. லினக்ஸ்ல அப்படி ஒரு வழி இருக்கு. ‘விச்’னு போட்டுப் பேரைச் சொன்னா, இன்ன இடத்துல இருக்குன்னு சொல்லிரும். எனக்கும் தெரியும், சார் சொல்லிக் குடுத்திருக்காரு. ஆனா நான் ஒரு நாளும் அடிச்சுப் பாத்ததில்ல. நான் எதுக்கு அடிக்கணும்? என் மூக்கு எங்க இருக்குன்னு கண்ணாடியில பாத்தா தெரிஞ்சுக்கிறேன்? யூஸர் பின்னுன்னு ஒரு இடம், பெரிய அலமாரி மாதிரின்னு வச்சுக்கோ, அதுல நானே என் கையால வச்சது.

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், இவன் ஆகாதுன்னு. கூட்டி வச்சுக் கொஞ்சினேன்னு நெனச்சிறாத. ஒரு டீ கூட அவனுக்கு நான் கைநீட்டிக் குடுத்ததில்ல. அவன் ஏதாவது கேட்டா, காது கேக்காத மாதிரி இருந்துக்குவேன். ஊர்ல யாராவது, உங்க பிரஸ்ல பெங்களூர்க்காரன் வந்திருக்கானாமேன்னு கேட்டா, அவனுக்கு ஒரு மண்ணும் தெரியாதுன்னு சொல்லுவேன். அவன் காதுக்கும் போயிருக்கும். போகணும்னுதான் சொன்னேன்.

ஆனா வேலை பிசகாம நடந்துச்சு. வருஷா வருஷம் நான் உக்காந்து ‘கிழி’ன்னு அடிப்பேன், தாள் விழும், மூலையில ‘சொ’ விழும். அதுக்கப்புறம் ஒரு புகார் வரல பாத்துக்கோ. ஒரு கல்யாண வீட்டுக்காரன் வாசலுக்கு வரல. ஐயர் திருந்திட்டாரு.

எங்க பிரஸ்ல ஒரு வழக்கம் உண்டு. ஆடிப்பெருக்கு அன்னைக்குத்தான் சிவகாசியில வர்ற வருஷ காலண்டர் மாதிரியெல்லாம் சேத்த ஆல்பத்தை வெளியிடுறது, அது உனக்குத் தெரிஞ்சிருக்கும். அன்னைக்கு எங்க பிரஸ்ல, முதல் கட்டு தாளை தகரம் அடிச்சு, மஞ்சள் குங்குமம் வச்சு, பத்திரகாளி அம்மன் படத்துக்கு முன்னால வச்சுப் பூசை போடுவாங்க. பூசை முடிஞ்சதும் அண்ணாச்சி அதை எடுத்து, அந்தத் தாளை உருவாக்கினவங்க கையில குடுப்பாரு. அவங்கதான் அதை ஆபீஸ் சுவத்துல மாட்டணும். மத்த யாரும் தொடக்கூடாது. வருஷம் பூராவும் அது அங்கனயே தொங்கும். வர்ற வியாபாரியெல்லாம் அதைப் பாத்துட்டுத்தான் ஆர்டர் குடுப்பாங்க. கிழி வந்த நாள்ல இருந்து அந்தக் கட்டை மாட்டுறது நான். பட்டுச்சேலை கட்டிட்டுப் போவேன். எனக்குக் கல்யாணத்துக்கு எடுத்த சேலை. வேற எதுக்கு நான் அதைக் கட்டப்போறேன், எனக்கு வேற என்ன விசேஷம் இருக்கு. புருஷன் போயிட்டாரு, பிள்ளை குட்டி இல்ல. அந்த ஒரு நாள்தான்.

இந்த வருஷம் ஆடிப்பெருக்கு. பூசை முடிஞ்சுச்சு. சூடம் காட்டியாச்சு. நான் கையைத் துடைச்சுக்கிட்டு முன்னால வந்து நிக்கிறேன். அண்ணாச்சி காலண்டரை எடுத்தாரு. எடுத்து, என்னைத் தாண்டிப் பாத்து, “குணசீலா, இந்தத் தடவை நீ வந்து மாட்டு”ன்னாரு.

அவன் நடிச்சான் பாரு ஒரு நடிப்பு. “வேண்டாம் ஐயா, அக்காவே மாட்டட்டும், அக்காதானே எப்பவும்”ங்கிறான். அண்ணாச்சி விடல. “எத்தனை வருஷமாடா நீயும் பேசாம இருப்ப, வாடா”ன்னாரு. அவன் என்னைப் பாத்தான். நான் அவனைப் பாக்கல. அவன் போயி மாட்டினான். கோணலா மாட்டினான். இன்னைக்கும் கோணலாத்தான் தொங்குது, போய்ப் பாத்தாலும் பாரு. அத்தனை பேரும் கை தட்டினாங்க. தகர செக்‌ஷன் பொம்பளைக வாயைப் பொத்திக்கிட்டு என் சேலையைப் பாத்தாங்க. நான் அங்கனயே செத்துட்டேன் பாப்பா. நிக்கிறேன், ஆனா செத்துட்டேன்.

மறு வாரமே அண்ணாச்சி கூப்பிட்டாரு. “சொர்ணம், கண்ணு வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தியே, தகர செக்‌ஷனை நீ மேல்பார்வை பாரு. கம்ப்யூட்டரைக் குணசீலன் பாத்துக்கட்டும்.” கண்ணு வலிக்குதுன்னு நான் சொன்னது வாஸ்தவம்தான். அதுக்காகக் கண்ணையே பிடுங்குறதா? சரிங்க அண்ணாச்சின்னேன். குரைக்கிற நாய் கடிக்காது, கடிக்கிறது குரைக்காது.

அன்னைக்கு சாயங்காலம், மிஷின்ல என் சொந்த போட்டோவெல்லாம் இருக்கு, எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டு உக்காந்தேன். பாஸ்வேர்டை இன்னும் மாத்தல, அம்புட்டு இளக்காரம் என் மேல. யூஸர் பின்ல இருந்த கிழியைத் தூக்கினேன். அழிக்கல. பெத்தவ பிள்ளையைக் கொல்லுவாளா. ஒளிச்சு வச்சேன். எழுத்துரு வைக்கிற போல்டருக்குள்ள ஒரு போல்டர், அதுக்குள்ள ஒரு போல்டர், அதுக்குள்ள புள்ளி வச்ச பேர்ல ஒரு போல்டர். லினக்ஸ்ல பேருக்கு முன்னால புள்ளி வச்சா சாதாரணமா கண்ணுக்குத் தெரியாது. அங்கன கொண்டு போயி வச்சுட்டு, துணியை உதறிக்கிட்டு எந்திரிச்சு வந்தேன்.

சீசன் ஆரம்பிச்சிருச்சு, ஆர்டர் குவியுது. நாளைக்குக் காலையில இவன் ‘கிழி’ன்னு அடிப்பான், அப்படி ஒரு புரோகிராமே இல்லைன்னு மிஷின் சொல்லும். தேடுவான். இவன்தான் தேடுறதுல புலியாச்சே, தேடட்டும். அண்ணாச்சி தலையில கை வைப்பாரு. கடைசியில தகர செக்‌ஷன் வாசல்ல வந்து ரெண்டு பேரும் நிப்பாங்க. “அக்கா, கிழி எங்க இருக்கு?” அந்த ஒரு வார்த்தையை அவன் வாயால, அத்தனை பொம்பளைக முன்னால நான் கேக்கணும். கேட்டுட்டு, “தேடிக்கோ தம்பி”ங்கணும். அம்புட்டுத்தான் நான் ஆசைப்பட்டது. பெரிய ஆசையா?

காலையில இருந்து வாசலைப் பாத்துக்கிட்டே இருந்தேன். யாரும் வரல. மத்தியானம் சாப்பாடு இறங்கல. மறுநாளும் வரல. அதுக்கு மறுநாள், மாடியில இருந்து புரூஃப் தாள் கட்டு கட்டா இறங்குது. எடுத்துப் பாக்குறேன். அட்டகாசமா இருக்கு. வலது மூலையில ‘சொ’.

பிள்ளையை நான் ஒளிச்சு வச்சிருக்கேன், அங்க எவ பிள்ளை ஓடுது?

மாடிக்கு ஏறிப் போனேன். அவன் என் நாற்காலியில உக்காந்திருக்கான். என்னைப் பாத்ததும் எந்திரிச்சுட்டான். “வாங்கக்கா, உக்காருங்க. நான் டீ குடிச்சுட்டு வர்றேன்”னு போயிட்டான். திமிரைப் பாத்தியா. பூட்டாம கொள்ளாம மிஷினை என்கிட்ட விட்டுட்டுப் போறான், இவளால என்ன செய்ய முடியும்னு.

உக்காந்தேன். வாழ்க்கையில முத தடவையா அடிச்சேன், ‘விச் கிழி’. யூஸர் லோக்கல் பின்னுன்னு வந்துச்சு.

அது என்ன இடம்னு நீ கேப்ப. சொல்றேன். வீட்டுல கத்திரிக்கோல் எடுத்துட்டு வான்னு சொன்னா பிள்ளைக என்ன செய்யும்? முதல்ல டிவி மேசை டிராயரைத் திறக்கும். அதுல ஒண்ணு கிடந்தா எடுத்துட்டு வந்திரும். தையல் மிஷின் பெட்டிக்குள்ள நீ பத்திரமா ஒரு கத்திரிக்கோல் வச்சிருப்ப, அந்தப் பெட்டியைத் திறக்கவே திறக்காது. லினக்ஸும் அப்படித்தான். ஒரு பேரைச் சொன்னா வரிசையாத் தேடும், முதல்ல எது கிடைக்குதோ அதை ஓட்டும். யூஸர் லோக்கல் பின்னு முதல் டிராயர். என்னோட யூஸர் பின் அதுக்குப் பின்னால. அவன் முதல் டிராயர்ல ஒண்ணைப் போட்டு வச்சிருக்கான்.

எப்பப் போட்டான்னு பாத்தேன். அந்த பைலுக்குத் தேதி இருக்கும்ல. பாப்பா, அவன் வேலைக்கு வந்த வருஷம். அத்தனை வருஷமா. நான் ‘கிழி’ன்னு அடிச்சப்பவெல்லாம் வந்தது என்னோடது இல்ல, அவனோடது. என் கையால கூப்பிட்டு, நான் வச்ச பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, அவன் பிள்ளை வந்து வேலை பாத்துட்டுப் போயிருக்கு. பட்டுச்சேலை கட்டிக்கிட்டு நான் சுவத்துல மாட்டினது எல்லாம். எல்லாம்.

ஒளிச்சு வச்ச என்னோடதைத் திறந்து, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பாத்தேன். அச்சு அசல் என்னோடதுதான். எழுத்துக்கு எழுத்து நான் எழுதினது. ‘சொ’ன்னு முத்திரை போடுற இடத்தைக்கூட அப்படியே விட்டு வச்சிருக்கான், எனக்கு சந்தேகம் வந்துரக் கூடாதுன்னு. எம்புட்டுக் கள்ளத்தனம். அவனுக்கு வேணும்னா ‘கு’ன்னு போட்டிருக்கலாம்ல, போடல. ஒரே ஒரு இடத்துலதான் கை வச்சிருக்கான். மாசத்துக்கு எத்தனை நாள்னு நான் எழுதி வச்சேன்ல, அந்த வரியை எடுத்துட்டு, ஐயர் குடுக்கிறதுல இருந்து வருஷத்துக்கு வருஷம் பாத்து எடுத்துக்கிற மாதிரி மாத்தியிருக்கான். ஏன்? எனக்குப் புரிஞ்சு போச்சு. அந்த ஐயரு செஞ்ச தப்பை மூடி மறைக்க, ரெண்டு பேரும் கூட்டு.

டீ குடிச்சுட்டு வந்தான். “எப்படா இதைப் போட்ட?”ன்னு கேட்டேன். முத தடவை அவனை ‘டா’ போட்டேன்.

அவன் முகம் சுருங்கிருச்சு. மெதுவா சொல்றான், “அந்தக் கல்யாண வீட்டுப் பிரச்சனைக்கப்புறம் ஐயாதான் பாக்கச் சொன்னாருக்கா. உங்ககிட்ட சொன்னா வருத்தப்படுவீங்கன்னு ஐயா சொல்ல வேண்டாம்னுட்டாரு. உங்களோடதை நான் தொடவே இல்லக்கா. வச்ச இடத்துல அப்படியே விட்டுட்டேன்.”

தொடாமலே கொன்னுருக்கான். கேட்டியா?

“அக்கா, சூரியன் மிதுனத்துக்குள்ள நுழையுற நேரத்தைப் பொறுத்து சில வருஷம் வைகாசிக்கு ஒரு நாள் கூடும், ஆனிக்கு...”ன்னு என்னமோ ஆரம்பிச்சான். “சூரியனைப் பத்தி நீ எனக்குச் சொல்லாத”ன்னுட்டேன். நான் காலண்டர்ல புழங்குறப்ப இவன் அரைக்கால் டவுசர் போட்டுத் திரிஞ்சிருப்பான். அவனோடதை அங்கனயே அழிச்சுட்டு எந்திரிக்கலாம்னு கை போச்சு. அழிக்கல. அழிச்சா சொர்ணம் பொறாமைக்காரின்னு பேரு வரும். நமக்கு அந்தப் பேரு வேண்டாம். என்னோடதை மட்டும் பென் டிரைவ்ல ஏத்திக்கிட்டேன். கீழ இறங்கும்போது அவன் பின்னாலயே வந்து, “அக்கா, அடுத்த வருஷம் நீங்களே மாட்டுங்கக்கா, நான் ஐயாகிட்ட சொல்றேன்”ங்கிறான். பிச்சை போடுறான் எனக்கு.

இந்தா, இதுதான். மணிபர்ஸ்ல வைக்கல, கைக்குட்டையில முடிஞ்சு வச்சிருக்கேன். திருமங்கலத்துல அண்ணாச்சியோட பங்காளி ஒருத்தர் இருக்காரு, ஆறுமுகச்சாமின்னு. ரெண்டு பேரும் மூஞ்சி குடுத்துப் பேசி வருஷக்கணக்காச்சு. அவரு இந்த வருஷம் புதுசா தினசரி காலண்டர் போடுறாரு. நானே போன் பண்ணினேன். ராஜரத்தினம் பிரஸ் காலண்டரை உருவாக்கினதே நான்தான், அங்க இப்ப ஓடுறது கலப்படம், சுத்தமானது என்கிட்ட இருக்குன்னேன். மனுஷன் குதிச்சுட்டாரு. அண்ணாச்சியைக் கவுக்குறதுன்னா அவருக்குச் சக்கரைப் பொங்கல்.

அங்க ஒரு பொண்ணு இருக்கா, உன் வயசுதான் இருக்கும். புரூஃபை வேற காலண்டரோட ஒரு தடவை ஒத்துப் பாத்துக்கலாமான்னு போன்ல கேட்டா. நான் ஆறுமுகச்சாமிகிட்ட ஒரே வார்த்தை சொல்லிட்டேன். நான் குடுக்கிறதை இன்னொருத்தர் சரிபாக்கிறதா இருந்தா நான் வரமாட்டேன்னு. அவரும் சரி அம்மா, உங்க இஷ்டம்னுட்டாரு. இன்னைக்கே போயி அவங்க மிஷின்ல ஏத்திருவேன். எங்க ஏத்துவேன் தெரியுமா? யூஸர் லோக்கல் பின்ல. முதல் டிராயர்ல. இனிமே எவனும் எனக்கு முன்னால வந்து நிக்க முடியாது. ஏத்திட்டு பாஸ்வேர்டையும் மாத்திருவேன்.

மார்கழியில ரெண்டு காலண்டரும் கடைக்கு வரும். ஒரே கடையில பக்கத்துல பக்கத்துல தொங்கும். ஊரே பாக்கட்டும். எது சொர்ணத்தோடது, எது திருட்டுன்னு ஊரே பாக்கட்டும். அன்னைக்கு ராஜரத்தினம் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு விடுவாரு. கட்டாயம் கூப்பிட்டு விடுவாரு. நான் போக மாட்டேன். அந்தப் பட்டுச்சேலையை ஆறுமுகச்சாமி பிரஸ் பூசையில கட்டுவேன், அந்த போட்டோ பேப்பர்ல வரணும், குணசீலன் அதைப் பாக்கணும். பாத்துட்டு ஒரு நாள் அவனுக்கு சோறு இறங்காம இருக்கணும். எனக்கு இறங்காம இருந்துச்சுல்ல.

என்ன பாப்பா, போனை நோண்டுற? காட்டு. வர்ற வருஷத்தோட காலண்டரா. வைகாசிக்கு முப்பத்திரண்டுன்னா போட்டிருக்கு? ஆனிக்கு முப்பத்தொண்ணா? போடுவான், போன்ல போடுறவனுக்கு என்ன. எவனாவது ஒரு குணசீலன் எங்கனயாவது ஏசியில உக்காந்து போட்டிருப்பான். இன்னொண்ணுலயும் அப்படித்தான் போட்டிருக்கா? ஒருத்தனைப் பாத்து ஒருத்தன் அடிக்கிறதுதானே. நீ படிச்ச பிள்ளை, இதையெல்லாம் நம்பலாமா. வைகாசி முப்பத்தொண்ணு, ஆனி முப்பத்திரண்டு. எந்த வருஷமா இருந்தாலும் அதான். அதை உள்ள வை, சார்ஜ் இறங்கிரும்.

திருமங்கலம் வந்திருச்சு போல. கொஞ்சம் காலை நகத்திக்கோ. உங்க வீட்டுல அக்கா தங்கச்சி இருக்காங்களா? தங்கச்சிக்குக் கல்யாணத் தேதி வைகாசி கழிச்சுத்தான் பாக்குறீங்களா, ரொம்ப நல்லது. ஆறுமுகச்சாமி பிரஸ் காலண்டர் ஒண்ணு உனக்காக எடுத்து வைக்கிறேன், மதுரையிலயும் கடைக்கு வரும். உங்க அம்மாகிட்ட சொல்லு. ஆனியில முகூர்த்தம் அமைஞ்சா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க என்ன காலண்டர் காட்டினாலும் கேக்க வேண்டாம். சொர்ணக்கா காலண்டரைப் பாத்தே தைரியமா பத்திரிகை அடிக்கச் சொல்லு.